தொப்பி வைத்த சின்ன மனிதன்

குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மாசி 20 என்றால் முதலில் நினைவுக்கு வருவது லீவு. அன்றைக்கு அய்யா வைகுண்டர் பிறந்தநாள். நாகர்கோவில் நாகராஜா கோவில் திடலிலிருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் போகும். ரோடு முழுக்கக் காவிக் கொடி, நெற்றியில் திருநாமம், ஆண்கள் எல்லோர் தலையிலும் தலைப்பாகை. பஸ் எல்லாம் வேறு வழியில் திருப்பி விடுவார்கள். பக்கத்திலிருந்து பார்த்தே வளர்ந்ததால் அது ஏன் என்று பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை.

சாமித்தோப்புப் பதியின் உள்ளே பள்ளியறையில் சிலை கிடையாது. கண்ணாடி இருக்கிறது, முன்னால் விளக்கு எரிகிறது. ஊர் ஊராக இருக்கும் நிழல்தாங்கல்களிலும் இதே ஏற்பாடுதான். தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிடப் போகிற ஆளுக்கு எதிரே தெரிவது அவருடைய முகமேதான். தலைப்பாகை கட்டிய முகம்!

இதன் அருமை புரிய வேண்டுமானால் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். வைகுண்டர் வாழ்ந்த காலம் 1809 முதல் 1851 வரை. அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. அந்தக் காலத்தில்தான் வைகுண்டர், தலைப்பாகை கட்டிக்கொண்டு வா, வந்து கண்ணாடியில் பார் என்றார். உலகம் கொடுக்காத மரியாதையைத் தன் தலையில் தானே கட்டிக்கொண்டு, அந்தக் கோலத்தில் தன்னைப் பார்ப்பது. சாமி கும்பிடுவதும் அதுதான், போராட்டமும் அதுதான்.

இந்தக் கண்ணாடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவது ஒரு ஓவியத்தைப் பற்றி. அந்த ஓவியர் நாஞ்சில் நாட்டுக்காரர் இல்லை, சாமித்தோப்போடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அவர் படத்தைப் பார்க்கும் குமரிக்காரர்களுக்கு அந்தக் கண்ணாடி ஞாபகம் வராமல் இருக்காது.

யார் இந்த ராமானுஜம்?

பெயர் கே. ராமானுஜம். கூகுளில் தேடினால் முதலில் கணித மேதை ராமானுஜன்தான் வந்து நிற்பார். இவர் வேறு. இரண்டு பேருக்கும் ஒரு சோகமான ஒற்றுமை உண்டு. கணித மேதை 32 வயதில் இறந்தார். ஓவியர் ராமானுஜமும் 1973-ல், முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ வயதில் போய்விட்டார்.

சென்னையில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். குள்ளமான உருவம். பேச்சு சரியாக வராது. பள்ளிக்கூடப் படிப்பு ஏறவில்லை. ஒரு பையன் தமிழ்நாட்டில் எதையெல்லாம் வைத்து மதிக்கப்படுவானோ, அதாவது மார்க், பேச்சு, தோற்றம், வேலை, இந்த நான்கிலும் அவருக்குப் பூஜ்யம்தான் போட்டிருப்பார்கள்.

அவரிடம் இருந்தது பேனா. கோடு போடத் தெரியும். அந்தக் கோடு அவரைச் சென்னை ஓவியக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி பல வருடம் அங்கே முதல்வராக இருந்தார். அவருக்குப் பிறகு 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். மார்க் ஷீட்டைப் பார்க்காமல் படத்தைப் பார்த்த மனிதர் பணிக்கர். ராமானுஜத்தைக் கண்டுகொண்டவர் அவர்தான்.

1966-ல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் உருவாக்கிய ஊர் அது. அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 'படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?' என்ற கேள்விக்கு, கைத்தொழிலில் சோறு, மீதி நேரத்தில் படம் என்று அவர்கள் கண்டுபிடித்த பதில். காமர்ஸ் படிக்கிறவர்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டிய கூட்டுறவு முயற்சி அது. ராமானுஜம் கடைசி வருடங்களில் வாழ்ந்ததும், 1973-ல் உயிரை மாய்த்துக்கொண்டதும் அங்கேதான்.

படத்தில் என்ன இருக்கிறது?

'என் கனவுலகம்' என்று தலைப்பு வைத்து ராமானுஜம் வரைந்த படங்கள் இருக்கின்றன. தலைப்பே இல்லாதவையும் பல. நிறைய படங்களில் உலகம் ஒன்றுதான். பெரும்பாலும் காகிதத்தில் கருப்பு மை. மெல்லிய கோடு, அதன் மேல் குறுக்குக் கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. நிழல் வேண்டிய இடத்தில் மையைப் பூசிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். ஆயிரக்கணக்கான கோடுகளை அடுக்கியே இருட்டைக் கொண்டுவருவார். காகிதத்தில் காலி இடம் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

முதல் பார்வையில் அம்புலிமாமா கதைப் படம் மாதிரி இருக்கும். கோபுரங்கள், கும்மட்டங்கள், வளைவுகள், எங்கே போகிறது என்று தெரியாத படிக்கட்டுகள். விட்டலாச்சார்யா படத்தில் வருகிற மாயா மாளிகைகளை யாரோ ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கல்லில் செதுக்கியதுபோல ஒரு நகரம். அதற்குள் விசித்திர மிருகங்கள், இறக்கை முளைத்த உருவங்கள், அழகான பெண்கள். பிறகு பாம்புகள். தூண், மரம், மிருகம் எல்லாவற்றோடும் பின்னிக்கொண்டு பாம்புகள்.

நாகர்கோவில்காரர்களுக்குப் பாம்பைப் பார்த்துப் பயப்படத் தெரியும், கும்பிடவும் தெரியும். ஊர் பெயரே நாகராஜா கோவிலால் வந்தது. மரத்தடியில் வரிசையாக இருக்கும் நாகர் கல்லுக்கு மஞ்சளும் பாலும் ஊற்றிவிட்டு வருகிற ஊர். ராமானுஜத்தின் பாம்பும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். பயமுறுத்துகிறதா, காவல் காக்கிறதா என்று ஒரே பார்வையில் சொல்லிவிட முடியாது.

இவ்வளவு கூட்டத்துக்கும் நடுவே ஒரு சின்ன மனிதன் இருப்பான். தலையில் விளிம்பு வைத்த தொப்பி. சில படங்களில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான், சிலவற்றில் எங்கோ போய்க்கொண்டிருப்பான், சிலவற்றில் பெண்கள் அவனைச் சூழ்ந்திருப்பார்கள். பாம்பு அவனைக் கடிக்காது. மிருகங்கள் அவனை விரட்டாது. அரண்மனைக் கதவு அவனுக்குச் சாத்தப்படாது.

அவன்தான் ராமானுஜம்.

முகம் இல்லாமலும் சுயசித்திரம் வரையலாம்

சுயசித்திரம் என்றதும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மூக்கு, கண், தாடி என்று அளந்து வரைவதுதான் நினைவுக்கு வரும். ஓவியர்கள் அந்த வேலையை வேறு விதமாகவும் செய்திருக்கிறார்கள். வான்கோ 1888-ல் ஒரு நாற்காலியை மட்டும் வரைந்தார். வைக்கோல் பின்னிய சாதாரண நாற்காலி, அதன் மேல் அவருடைய புகைக்குழாயும் புகையிலையும். ஆள் இல்லை. ஆனாலும் பார்த்தவுடன் இது வான்கோ என்று தெரிந்துவிடும். மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ 1946-ல் தன்னை மானாக வரைந்தார். மான் உடம்பில் அவர் தலை, உடம்பு முழுக்க அம்புகள். 1925-ல், 18 வயதில், பஸ் விபத்தில் முதுகெலும்பு உடைந்து வாழ்நாள் முழுக்க வலியோடு இருந்தவர். அந்த வலியை டாக்டர் எழுதிய ரிப்போர்ட்டை விட மான் நன்றாகச் சொல்கிறது.

வான்கோ தன் எளிமையை வரைந்தார். ஃப்ரீடா தன் வலியை வரைந்தார். ராமானுஜம் இரண்டையும் வரையவில்லை. வலி இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தும், அந்தச் சின்ன மனிதன் அம்பு பட்டவனாகவோ அழுகிறவனாகவோ இல்லை. எங்கேயெல்லாம் தன்னை உள்ளே விடவில்லையோ அங்கேயெல்லாம் கௌரவமாக நடமாடுகிறவனாகத் தன்னை வரைந்தார்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு டூர் போயிருப்பீர்கள். டிக்கெட் வாங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, 'இந்தப் பக்கம் போகாதே, அதைத் தொடாதே' என்று சொல்லச் சொல்ல ராஜாவின் கட்டிலை எட்ட நின்று பார்த்துவிட்டு வருவோமே, அதுதான் சாதாரண ஆளுக்கு அரண்மனையோடு உள்ள உறவு. ராமானுஜம் தன் அரண்மனையைத் தானே கட்டினார். ஒவ்வொரு கல்லும் ஒரு பேனாக் கோடு. கட்டிய கொத்தனாரும் அவர்தான், குடியேறிய ராஜாவும் அவர்தான்.

அந்தத் தொப்பி எதற்கு?

தொப்பி என்றதும் எம்.ஜி.ஆர். ஞாபகம் வரலாம். இது அந்த மாதிரி இல்லை. துரைமார் வைப்பது போன்ற தொப்பி. ராஜா என்று காட்ட வேண்டுமானால் கிரீடம் வைத்திருக்கலாம், அந்த மாயாலோகத்துக்குப் பொருத்தமாகவும் இருந்திருக்கும். ஆனால் தலையில் இருப்பது தொப்பி. சுற்றியிருக்கும் எல்லாமே புராண காலம், அவன் மட்டும் இந்தக் காலத்து ஆள். அதனால்தான் கதையில் வருகிற ராஜகுமாரனோடு அவனைக் குழப்பிக்கொள்ள முடியாது. 'இது கதாநாயகன் இல்லை, இது நான்' என்று போட்ட கையெழுத்து மாதிரி அந்தத் தொப்பி.

இன்னொன்றும் தோன்றுகிறது. தொப்பி ஒரு மரியாதைச் சின்னம். தொப்பி வைத்தவனைக் கூப்பிடும்போது நம்மூரில் 'சார்' தானாக வந்துவிடும். பேச்சு வராத, குள்ளமான ஒரு மனிதனை நிஜத்தில் எத்தனை பேர் 'சார்' என்று கூப்பிட்டிருப்பார்கள்? இங்கேதான் சாமித்தோப்புக் கண்ணாடி ஞாபகம் வருகிறது. உலகம் தராததை எடுத்துத் தன் தலையில் தானே வைத்துக்கொண்டு, அந்தக் கோலத்தில் தன்னைப் பார்ப்பது. அங்கே தலைப்பாகையும் கண்ணாடியும். இங்கே தொப்பியும் காகிதமும்.

காமர்ஸ் பசங்களுக்குப் புரிகிற மாதிரி இதைச் சொல்ல ஒரு வழி உண்டு. கணக்குப் பதிவியலில் நற்பெயர் என்று ஒரு சொத்து வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. ஒரு கடை ஐம்பது வருடம் நாணயமாக நடந்து சம்பாதித்த பெயர் அது. அதற்கு நிச்சயம் மதிப்பு உண்டு, அதனால்தான் பக்கத்துக் கடையை விட்டுவிட்டு இங்கே வருகிறார்கள். ஆனால் விதி என்ன? தானே உருவாக்கிக்கொண்ட நற்பெயரைத் தன் புத்தகத்தில் தானே சொத்தாக எழுதக்கூடாது. யாராவது அந்தக் கடையை விலைக்கு வாங்கி, இருக்கிற சரக்குக்கும் கட்டடத்துக்கும் மேலே கூடுதலாகக் காசு கொடுத்தால்தான் அது ஏட்டில் ஏறும். அதுவும் வாங்கியவர் ஏட்டில். இன்னொருவர் மதித்தால்தான் மதிப்பு.

ராமானுஜத்தின் தொப்பி, தன் ஏட்டில் தானே எழுதிக்கொண்ட நற்பெயர். விதிப்படி செல்லாத பதிவு. ஆனால் பொய்யான பதிவு இல்லை. சொத்து உண்மையிலேயே இருந்தது. வாங்க ஆள்தான் வரவில்லை.

கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம்

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். 'உலகம் மதிக்காவிட்டால் என்ன, உன்னை நீ மதி' என்று ஒரு வரி எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்துவிடலாம். ஆனால் 1973-ஐ மறந்துவிட்டுத்தான் அப்படி எழுத முடியும். அவ்வளவு பெரிய அரண்மனையைக் கட்டிய மனிதரை அந்த அரண்மனையால் காப்பாற்ற முடியவில்லை.

சாமித்தோப்பில் தலைப்பாகை கட்டியவர் தனி ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் கட்டியிருந்தார், மாமாவும் கட்டியிருந்தார், ஊரே கட்டியது. ஒருவர் தலையிலிருப்பதை இன்னொருவர் பார்த்து மதித்தார். ஒரே இடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதே காலத்தில் தோள்சீலைப் போராட்டமும் பல பத்தாண்டுகள் நடந்து, 1859-ல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து அரசே அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது. கூட்டமாகக் கட்டிய தலைப்பாகைகள் நிஜ உலகத்தில் நின்றன.

ராமானுஜம் தன் தொப்பியைத் தனியாக வைத்துக்கொண்டார். அவர் கனவுலகத்தில் நூறு உருவங்கள் உண்டு. எல்லாமே அவர் வரைந்தவை. அவரைப் பார்த்து மதிக்கிற கண்களையும் அவரேதான் வரைய வேண்டியிருந்தது. ஒரு மனிதனால் எத்தனை வருடம் இரண்டு பக்கத்து வேலையையும் தனியாகச் செய்ய முடியும்?

இதற்காக அன்று கூட இருந்தவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பணிக்கர் மாதிரி ஒருவர் இல்லையென்றால் இந்தப் படங்களே நம் கைக்கு வந்திருக்காது. ஓவியர் கிராமம் அவருக்கு இடம் கொடுத்தது. அவருக்கு மனச்சிதைவு நோய் இருந்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அதைப் பற்றி வெளியே பேசவே கூச்சப்படுவார்கள். சிகிச்சை என்றாலே கீழ்ப்பாக்கம் என்று கிண்டல் செய்த காலம். அந்தக் கிண்டல் இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை என்பதுதான் வெட்கம்.

இன்னொரு பக்கம், சிலர் நேர் எதிராகப் பேசுவார்கள். 'அந்த நோய் இருந்ததால்தான் இப்படி வரைய முடிந்தது, கலைஞன் என்றாலே கொஞ்சம் கிறுக்குத்தான்' என்பார்கள். பாராட்டு போலத் தெரியும், யோசித்துப் பார்த்தால் கொடுமை. அந்தப் படங்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒரு கோடு தடுமாறினாலும் வளைவு கெட்டுப்போகும். மணிக்கணக்கில் கை நடுங்காமல், எந்த இடம் இருட்டு, எந்த இடம் வெளிச்சம் என்று கணக்கு வைத்துக்கொண்டு உழைத்த ஆள் அவர். அது நோயின் வேலை இல்லை, தொழில் தெரிந்த கையின் வேலை. நோய் அவருடைய வருடங்களை எடுத்துக்கொண்டது. நோய்க்கு அந்தப் படங்களின் பெருமையையும் சேர்த்துக் கொடுத்தால் அவருக்கு என்னதான் மிச்சம்?

ஏட்டில் ஏறிய பிறகு

இன்று ராமானுஜம், சென்னை ஓவிய இயக்கம் பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத பெயர். எழுத்தாளர் சி. மோகன் அவருடைய வாழ்க்கையை வைத்து 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். படங்கள் ஏலத்துக்கு வருகின்றன, சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். சோழமண்டலத்தில் இப்போது சென்னை ஓவிய இயக்கத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து ஈ.சி.ஆர். பக்கம் போகும் பஸ் பிடித்தால் ஈஞ்சம்பாக்கம். சென்னைக்கு இன்டர்வியூ என்று போகிறவர்கள் ஒரு மதியத்தை அங்கே செலவழிக்கலாம்.

ஆக, அந்தச் செல்லாத பதிவு கடைசியில் செல்லுபடியாகிவிட்டது. மற்றவர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள், ஏட்டில் ஏறியது. விதி சொன்னபடியே அது வாங்கியவர் ஏட்டில்தான் ஏறியது. கடைக்காரர் அதைப் பார்க்க இல்லை.

இந்தக் கதையை ஓவியம் பிடித்தவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும் கடைசி பெஞ்சில் ஒருவன் இருப்பான். அட்டென்டன்ஸ் எடுக்கும்போது அவன் 'பிரசன்ட்' சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் சிரித்துவிடுவார்கள். காஸ்ட் அக்கவுன்டிங் நோட்டின் பின்பக்கத்தில் அவன் ஏதோ வரைந்துகொண்டிருப்பான். யாராவது எட்டிப் பார்த்தால் கையை வைத்து மறைப்பான். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாம்பு இருக்கலாம், கோபுரம் இருக்கலாம், தொப்பி வைத்த ஒரு சின்ன மனிதனும் இருக்கலாம்.

அவன் ராமானுஜமாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. படம் சுமாராகக்கூட இருக்கட்டும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'என்ன மக்கா வரையுத? காட்டு பாப்பம்' என்று கேட்பதற்குக் காசு செலவாகாது.

அவன் கையை எடுத்துக் காட்டினால், நின்று நிதானமாகப் பாருங்கள்.